வரி பிடித்தார்கள், கட்டவில்லை: ஸ்பெயின் விடுமுறை வீட்டில் நடந்த சுத்துமாத்து

போன கிழமை ஒரு நண்பர் வட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் அனுப்பினார். ஸ்பெயினில் கடற்கரை வீடு, வாடகையே கடனைக் கட்டும், அனுமதி, வரி எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்வோம், ஞாயிறு பின்னேரம் இலவசக் கருத்தரங்கு. கூடவே ஒரு பால்கனிப் படம். இரண்டு நீல நாற்காலி, நடுவில் சின்ன மேசை, பின்னால் கடல். அந்த நாற்காலிகளை வாங்கியது என் மனிசி. அது எங்கள் பால்கனி.

அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். விளம்பரம் போட்ட ஆளின் பெயரையும் கம்பனியின் பெயரையும் போடவில்லை. முறைப்பாடு நடக்கிறது, வாயைக் கட்டிக்கொண்டிரு என்று சட்டத்தரணி சொல்லியிருக்கிறார்.

2021 இலையுதிர் காலத்தில், மலாகா மாகாணத்தில் கடலோரச் சின்ன ஊர் ஒன்றில் இரண்டு அறை பிளட் ஒன்று வாங்கினோம். நாங்கள் இருப்பது லண்டனில். வருடத்தில் மூன்று கிழமை நாங்கள் போய் நிற்பது, மிச்ச நாளில் சுற்றுலாக்காரருக்கு வாடகைக்கு விடுவது என்று திட்டம். வாங்கித் தந்தவரும் எங்கட ஆள்தான். "தம்பி, நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ, திறப்பை என்னட்டத் தாங்கோ" என்றார். நானும் "சரி அண்ணை" என்று கொடுத்தேன். வீட்டுத் திறப்போடு கடிதப்பெட்டித் திறப்பும் போனது. அந்தச் சின்னத் திறப்புத்தான் இந்தக் கதையில் பெரிய விஷயம் என்று அப்போது யாருக்குத் தெரியும்.

சுற்றுலா அனுமதிக்கு என்று 900 யூரோ வாங்கினார். ஏசி பூட்டக் காசு கேட்டார். கோடையில் வாடகைக்கு விடுவதென்றால் அறைகளில் ஏசி இருக்க வேண்டும் என்பது மலாகா இருக்கும் அந்தலூசியாப் பிராந்தியத்தின் விதி, அதையும் பூட்டினார். இதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. வேலை ஒன்றும் செய்யாத ஆள் இல்லை அவர். கண்ணுக்குத் தெரிகிற வேலையெல்லாம் சுத்தமாகச் செய்தார்.

2022 ஈஸ்டரிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். விளம்பரம் அவருடைய கணக்கில், காசும் அவருடைய வங்கிக்கு. எங்களுக்கு மாதம் ஒரு கணக்கு அறிக்கை வரும். மொத்த வாடகை இவ்வளவு, அவருடைய தரகு 20 வீதம், சுத்தம் செய்த கூலி, கடைசியில் ஒரு கழிவு: "ஸ்பெயின் வரி, 24 வீதம்." மிச்சம் எங்களுக்கு. அந்த 24 எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன், சரியாகவே இருந்தது. பிரெக்சிட்டுக்குப் பிறகு பிரித்தானியாவில் இருப்பவர் ஸ்பெயினுக்கு மூன்றாம் நாட்டு ஆள். ஐரோப்பிய ஒன்றியத்தில் வசிப்பவருக்கு 19 வீதம், அதுவும் செலவைக் கழித்துவிட்டு. எங்களுக்கு 24 வீதம், செலவு கழிக்காமல் மொத்த வாடகைக்கும். பக்கத்துக் கதவில் இருக்கும் ஜெர்மன்காரரும் நானும் ஒரே மாதிரி வீட்டை ஒரே மாதிரி வாடகைக்கு விட்டாலும் கணக்கு வேறு. எரிச்சல்தான், ஆனால் சட்டம் அப்படி என்று இருந்தேன். விகிதம் சரியாக இருந்ததாலேயே ஆளும் சரி என்று நினைத்துவிட்டேன்.

மனிசி மட்டும் ஒருமுறை கேட்டாள்: "கட்டினதுக்கு ரசீது எங்கே?" கேட்டு அனுப்பினேன். மறுநாளே வந்தது. ஸ்பெயின் வரித் திணைக்களத்தின் சின்னம், மொடெலோ 210 (ஸ்பெயினில் வசிக்காதவர் வரி கட்டும் படிவம்) என்ற தலைப்பு, என் பெயர், என் வெளிநாட்டவர் இலக்கம், தொகை. பக்கத்தின் குறுக்கே வெளிர் சாம்பல் எழுத்தில் ஏதோ ஒரு ஸ்பானிஷ் சொல் பெரிதாக ஓடியது. அதை அரசாங்க முத்திரை என்று நினைத்து, வடிவாக மடித்துக் கோப்பில் வைத்தேன். அந்தச் சொல் "போர்ரதோர்". ஸ்பானிஷில் "வரைவு" என்று அர்த்தம். படிவத்தை இணையத்தில் நிரப்பி, சமர்ப்பிக்காமல் அச்செடுத்தால் வருவது அது.

2025 ஜூலையில்தான் துணி விலகியது. அந்த மாதம் முதலாம் திகதியிலிருந்து ஸ்பெயினில் குறுங்கால வாடகை வீட்டை இணையத் தளத்தில் போடுவதென்றால், காணிப் பதிவகம் தருகிற தனிப் பதிவு இலக்கம் ஒன்று வேண்டும் என்று விதி வந்தது. எங்கள் விளம்பரம் காணாமல் போனது. கேட்டால், "ஸ்பெயின் முழுக்க இதே பிரச்சினை தம்பி" என்றார். பாதி உண்மை. மே மாதத்தில்தான் அங்கத்தைய நுகர்வோர் அமைச்சு 65,000-க்கு மேற்பட்ட விளம்பரங்களை நீக்கச் சொல்லி ஏர்பிஎன்பிக்கு உத்தரவு போட்டிருந்தது, செய்தியில் நானும் பார்த்தேன். அந்தச் செய்திக்குப் பின்னால் இரண்டு கிழமை ஒளிந்து நின்றார். பிறகு ஃபோன் எடுப்பதை நிறுத்தினார்.

ஓகஸ்ட்டில் நானே போனேன். வாசலில் நின்று கடிதப்பெட்டியைப் பார்த்தால் வாய் பிளந்தபடி கடிதங்கள் வெளியே தொங்குகின்றன. திறப்பு இல்லை. கீழ்வீட்டு அம்மா ஒரு ஸ்குரூ டிரைவர் தந்தார், முகத்தில் சிரிப்பில்லாமல். நெம்பித் திறந்தேன். பீட்சாக் கடைத் துண்டுகளுக்கு நடுவில் வரித் திணைக்களத்தின் உறைகள், நகரசபையின் ஐ.பி.ஐ சொத்துவரிக் கடிதங்கள், குடியிருப்புச் சங்கத்தின் கூட்ட அழைப்புகள். ஃபோன் கமராவைப் பிடித்து ஒவ்வொன்றாக மொழிபெயர்த்துக்கொண்டு படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். வரித் திணைக்களம் கேட்டிருந்தது இதுதான்: இந்த வீட்டிலிருந்து வாடகை வருவதாகத் தளங்கள் எங்களுக்கு அறிக்கை தந்திருக்கின்றன, உங்கள் பெயரில் வரிப் படிவம் ஒன்றையும் காணோமே?

இதை நம்மில் நிறையப் பேர் இன்னும் விளங்கிக்கொள்ளவில்லை. 2023-லிருந்து ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க வாடகைத் தளங்கள் யாருடைய வீட்டில் எவ்வளவு காசு வந்தது என்று வரி அதிகாரிகளுக்கு அறிவித்தே ஆக வேண்டும். விளம்பரம் ஏஜென்டின் கணக்கில் இருந்தாலும் முகவரி வீட்டினுடையது, வீடு உங்களுடையது. "சும்மா விடுங்கோ, ஆருக்குத் தெரியப் போகுது" என்று சொல்லும் காலம் முடிந்துவிட்டது.

2022-க்கு 3,360 யூரோ, 2023-க்கு 3,720, 2024-க்கு 3,600. மொத்தம் 10,680 யூரோவை வரி என்று எங்களிடம் பிடித்தார், ஒரு சதமும் கட்டவில்லை. அதை நாங்கள் இரண்டாம் தரம் கட்டினோம். வரித் திணைக்களம் தேடி வந்தது ஏஜென்டை இல்லை, வீட்டுக்காரரைத்தான். பிந்திக் கட்டியதற்கு மேலதிகக் கட்டணமும் உண்டு. திணைக்களம் முறையாக விசாரணை தொடங்குவதற்கு முன் நாமாகக் கட்டினால் முதலில் 1 வீதம், பிந்திய ஒவ்வொரு முழு மாதத்துக்கும் இன்னொரு 1 வீதம். 12 மாதம் தாண்டினால் 15 வீதமும் வட்டியும். விசாரணை தொடங்கிவிட்டால் இதெல்லாம் இல்லை, தண்டம்தான். எங்களுக்குச் சில வருடங்களுக்கு ஒன்று, சில வருடங்களுக்கு மற்றது. அந்தக் கணக்கைச் சொன்னால் எனக்கே தலை சுற்றும், விடுகிறேன்.

ஆள் இல்லாத நாட்களுக்கும் வரி உண்டு என்பதை அந்தப் பயணத்தில்தான் அறிந்தேன். வீடு வெறுமனே பூட்டிக் கிடந்தாலும், அரச பதிவில் இருக்கும் மதிப்பில் 1.1 அல்லது 2 வீதத்தைக் கற்பனை வருமானம் என்று எடுத்து அதற்கு 24 வீதம் கேட்பார்கள். மதிப்பு 62,000 யூரோ, 1.1 வீதம் என்றால், முழு வருடத்துக்கு 164 யூரோ வரை வரும். பெரிய காசில்லை. ஆனால் வாடகைக்கே விடாமல் சொந்த விடுமுறைக்கு மட்டும் வைத்திருப்பவரும் கட்ட வேண்டும், நம்மவர் பலருக்கு இது தெரியாது.

வரிக்காசு போனால் உழைக்கலாம். அனுமதியில் நடந்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அந்தலூசியாவில் சுற்றுலா வீட்டுப் பதிவு அப்போது ஒன்றும் மலையேற்றம் இல்லை. 2016 ஆணைப்படி, வீடு விதிகளுக்கு ஏற்ப இருக்கிறது என்று வீட்டுக்காரர் ஒரு பொறுப்புரைப் பத்திரத்தைச் சுற்றுலாப் பதிவேட்டில் சமர்ப்பித்தால், அன்றிலிருந்தே வாடகைக்கு விடலாம். அந்த ஒரு படிவத்துக்குத்தான் 900 யூரோ. அதையும் அவர் போடவில்லை. எங்கள் விளம்பரத்தில் இருந்த பதிவு இலக்கத்தைச் சட்டத்தரணி அரசின் பொதுத் தேடலில் தட்டிப் பார்த்தார். இரண்டு தெரு தள்ளி, வேறு கட்டடத்தில், வேறு யாருடையதோ வீடு வந்தது. அந்த வீட்டையும் இவர்தான் பார்க்கிறாராம். ஒரு இலக்கத்தை எத்தனை வீட்டுக்கு ஓட்டினாரோ. மூன்று கோடை முழுக்க நாங்கள் பதிவில்லாத வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறோம். விருந்தாளிகளின் விவரத்தை உள்துறை அமைச்சின் தளத்தில் பதிவது 2024 டிசம்பரிலிருந்து கட்டாயம், அதையும் செய்யவில்லை.

சரி, இப்போது பதிவோமே என்றேன். சட்டத்தரணி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். 2025 ஏப்ரல் 3-லிருந்து சட்டம் மாறிவிட்டது. அடுக்குமாடியில் புதிதாகச் சுற்றுலா வாடகை தொடங்குவதென்றால், குடியிருப்புச் சங்கத்தில் ஐந்தில் மூன்று பங்குச் சம்மதம் முன்கூட்டியே வேண்டும். அதற்கு முன் முறையாகப் பதிந்து நடத்தியவர்களை அது தொடாது. 2022-ல் அந்த ஒரு படிவம் போயிருந்தால் நாங்கள் இன்று வரிசைக்கு உள்ளே. போகாததால் புது ஆள்.

கூட்டத்துக்குப் போனேன். இருபத்தெட்டு வீடு. மொழிபெயர்க்க சட்டத்தரணியின் உதவியாளர் பக்கத்தில் இருந்தார். ஸ்குரூ டிரைவர் தந்த அதே அம்மா எழும்பி, என்னைப் பார்த்து நிதானமாகப் பேசினார். மூன்று வருடமாக நடுச்சாமம் இரண்டு மணிக்குப் படிக்கட்டில் பெட்டிச் சக்கரச் சத்தம். முறையிட ஆளில்லை. உங்களுக்கு ஐந்து கடிதம் எழுதினோம். ஐந்தும் என் பையில் இருந்தன, பெட்டியிலிருந்து எடுத்தவை. நான் என்ன சொல்ல? வாக்கெடுப்பில் தோற்றேன். அவர்கள் மேல் கோபம் வரவில்லை, அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் கை தூக்கியிருக்க மாட்டேன்.

லண்டன் பக்கமும் சும்மா விடவில்லை. இங்கே வசிப்பவர் வெளிநாட்டு வாடகையையும் பிரித்தானிய வரித் திணைக்களமான எச்.எம்.ஆர்.சிக்குக் காட்ட வேண்டும். ஸ்பெயினில் கட்டிய வரியை இங்கத்தைய வரியில் கழிக்கலாம். நானும் நேர்மையாகக் காட்டி, அந்த அறிக்கைகளை வைத்து 24 வீதத்தைக் கழித்திருந்தேன். கட்டாத வரிக்குக் கழிவு கேட்ட ஆளாகிவிட்டேன். சமர்ப்பிக்கும் கெடுவிலிருந்து 12 மாதத்துக்குள் இருந்த படிவத்தைத் திருத்தினோம். பழையதற்கு வெளிநாட்டு வருமானத்தைத் தாமாக வெளிப்படுத்தும் வழி ஒன்று இருக்கிறது, அதில் போனோம். கணக்காளர் இன்னொன்றும் சொன்னார். இங்கே செலவு கழித்த லாபத்துக்குத்தான் வரி, ஸ்பெயினில் மொத்தத்துக்கும். அங்கே கட்டியது இங்கே வரவேண்டியதைவிடக் கூடினால், கூடின காசை எச்.எம்.ஆர்.சி திருப்பித் தராது. 2025 ஏப்ரலிலிருந்து விடுமுறை வீட்டுக்கு என்று இருந்த தனிச் சலுகைகளும் போய்விட்டன.

ஒரு சின்ன வெளிச்சம்: செலவைக் கழிக்கும் உரிமை ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவருக்கும் உண்டு என்று 2025 ஜூலையில் ஸ்பெயினின் தேசிய நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. அதை நம்பி இப்போதே குறைத்துப் போடாதே, முழுதாகக் கட்டிவிட்டுப் பிறகு திருப்பிக் கேட்போம் என்றார் சட்டத்தரணி. கேட்டிருக்கிறோம்.

வீட்டை இப்போது நீண்டகால வாடகைக்கு விட்டிருக்கிறோம். வருமானம் குறைவு. கடிதப்பெட்டிக்குப் புதுப் பூட்டு, திறப்பு ஒன்று கீழ்வீட்டு அம்மாவிடம். கடிதம் வந்தால் படமெடுத்து அனுப்புகிறார்.

அந்த ஞாயிற்றுக் கருத்தரங்குக்குப் போகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உண்மையாகச் சமர்ப்பித்த மொடெலோ 210-ல் 16 எழுத்தும் இலக்கமும் கொண்ட சரிபார்ப்புக் குறியீடு இருக்கும். அதை ஸ்பெயின் வரித் திணைக்களத்தின் தளத்தில் தட்டினால் அசல் படிவம் திறக்கும், இரண்டு நிமிட வேலை. அண்ணையிடம் ஏதாவது ஒரு வாடிக்கையாளருக்குக் கட்டிய படிவத்தைக் கேளுங்கள், பெயரை மறைத்தே தரட்டும், அந்தக் குறியீட்டை உங்கள் முன்னால் உங்கள் ஃபோனில் தட்டிக் காட்டட்டும். திறந்தால் எனக்கும் ஒரு செய்தி போடுங்கள். எங்கள் 2022-இன் குறியீட்டை நான் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.