1987 பியூக் கிராண்ட் நேஷனல், ஜிஎன்எக்ஸ்: வைத்து ஓட்டினால் தெரிவது

இந்தக் காரை வைத்திருந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் முதலில் வருவது டர்போவின் விசில் சத்தம். அடுத்த ஐந்து நிமிடத்தில் பேச்சு பிரேக்கில் வந்து நிற்கும்.

பார்ப்பதற்குச் சதுரமான ஒரு கறுப்பு ரீகல், அமெரிக்க பியூக் கம்பெனியின் இரண்டு கதவு கார். பானட்டுக்குள் 3.8 லிட்டர் வி6, ஒரு டர்போ (எஞ்சின் புகையால் சுழன்று உள்ளே காற்றை அழுத்தித் தள்ளுவது), ஒரு இன்டர்கூலர் (அந்தக் காற்றைக் குளிர்விப்பது). 1987-ல் கம்பெனி சொன்ன கணக்கு 245 குதிரைத்திறன். அதே வருட கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரின் வி8-க்கு 240. அந்த ஆண்டில் மட்டும் 20,193 கிராண்ட் நேஷனல் வந்தன, அதனால் அதை அபூர்வம் என்று சொல்ல வாய் வராது. அபூர்வம் என்றால் ஜிஎன்எக்ஸ்தான்: ஏஎஸ்சி-மெக்லாரன் என்ற நிறுவனத்தின் கைபட்ட 547 கார்கள், 276 குதிரைத்திறன், விலை 29,900 டாலர். இதே எஞ்சினோடு எடை குறைத்து வந்த டபிள்யூஇ4 டர்போ டி 1,547 மட்டுமே. விஷயம் தெரிந்தவர்கள் பலர் தேடுவது அதைத்தான். விலைக்கு மேல் பெயருக்கு வேறு பணம் கொடுக்க வேண்டியதில்லை.

எஞ்சின் கெட்டி. சரியாகப் பார்த்துக்கொண்டால் லட்சம் மைல் தாண்டியும் அடிப்பாகத்தைத் திறக்க வேண்டியிருக்காது. அதைக் கொல்வது வயதல்ல, நாக்கிங். பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) ஏறிய நிலையில் பெட்ரோல் நேரம் கெட்டு வெடித்தால் முதலில் போவது ஹெட் கேஸ்கெட், எஞ்சினின் தலைக்கும் உடம்புக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு. கவனிக்காமல் மிதித்துக்கொண்டே இருந்தால் அடுத்தது பிஸ்டன். கிராண்ட் நேஷனலில் கம்பெனி பூஸ்ட் 13 முதல் 15 பிஎஸ்ஐ. அமெரிக்க பம்ப்பில் 93 ஆக்டேன் (நாக்கிங்கைத் தாங்கும் அளவு) என்று போட்டிருக்கும் பெட்ரோலுக்கு அது சரியாக இருக்கும். (அந்த 93 வேறு அளவுகோல். நம் ஊரிலும் ஐரோப்பாவிலும் எழுதும் கணக்கில் அது கிட்டத்தட்ட 98. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, 93-தானே என்று பெட்ரோல் போட்டவர்கள் கேஸ்கெட்டில் அபராதம் கட்டியிருக்கிறார்கள்.)

ஆகவே இந்தக் கார் வீட்டுக்கு வந்ததும் முதலில் வாங்க வேண்டியது பெரிய டர்போவோ எஞ்சின் கணினிக்கான சிப்போ அல்ல. டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் கண்டறியும் சாக்கெட்டில் மாட்டும் ஸ்கேன்மாஸ்டர் போன்ற ஒரு சிறு பெட்டி. அதில் இரண்டு எண்களைப் பார்த்தால் போதும். முழு மிதியில் நாக் ரிட்டார்ட் (நாக்கிங் வந்ததும் கணினி தீப்பொறியைப் பின்தள்ளும் அளவு) பூஜ்யத்தில் நிற்க வேண்டும்; நாலு டிகிரி காட்டினால் உடனே காலை எடுத்துவிட வேண்டும். ஆக்சிஜன் சென்சார் 750 முதல் 800 மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 700-க்குக் கீழே போனால் பெட்ரோல் போதவில்லை.

பெட்ரோல் ஏன் போதாது என்பதற்குப் பெரும்பாலும் ஒரே பதில், தொட்டிக்குள் இருக்கும் பழைய பம்ப். சும்மா நிற்கும்போது சோதித்தால் அது நல்ல பிள்ளை மாதிரி நடிக்கும். பெட்ரோல் அழுத்த ரெகுலேட்டரின் வேக்வம் ஹோஸைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் 43 பிஎஸ்ஐ இருக்கும். உண்மை ஓட்டத்தில்தான் வெளிவரும். எரிபொருள் ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாய்) நீண்ட ஹோஸோடு கேஜை மாட்டி, பானட்டின் பின் இடுக்கு வழியாக வெளியே எடுத்து, முன் கண்ணாடியில் டேப் போட்டு ஒட்டிவிட்டு மிதிக்க வேண்டும். பூஸ்ட் ஏறும் ஒவ்வொரு பிஎஸ்ஐக்கும் இதுவும் ஒரு பிஎஸ்ஐ ஏற வேண்டும். 15 பூஸ்டில் 58. இடையில் 50-ல் நின்றுவிட்டால் மேலே மிதிக்காதீர்கள். மாற்று பம்ப் போடும்போது பழைய மெல்லிய வயரையே நம்பாமல், ஒரு ரிலே வைத்து, பேட்டரியிலிருந்து தடித்த வயரைத் தனியாக இழுத்துவிட வேண்டும். புது பம்ப்பும் பழைய வயரும் சேர்ந்தால் பழைய பம்ப்பின் கதைதான் மறுபடியும்.

இதைவிடச் சின்ன ஒரு விஷயம் இருக்கிறது. டர்போவின் கம்ப்ரஸரிலிருந்து வேஸ்ட்கேட்டை (பூஸ்ட் அதிகமானால் புகையை விலக்கிவிடும் கதவு) இயக்கும் ஆக்சுவேட்டருக்கும், அதைக் கட்டுப்படுத்தும் சொலனாய்டுக்கும் போகும் விரல் மொத்தம்கூட இல்லாத ரப்பர் ஹோஸ். சூட்டில் அது காய்ந்து, முனையில் மயிரிழை போல வெடிக்கும். கையால் வளைத்துப் பார்த்தால்தான் தெரியும். வெடித்துவிட்டால் வேஸ்ட்கேட்டுக்குச் செய்தி போகாது, கதவு திறக்காது, பூஸ்ட் 20-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போகும். ஓட்டுபவருக்கோ கார் இன்று அருமையாக இழுக்கிறது என்று தோன்றும். அந்தச் சந்தோஷத்தின் ஆயுள் ஒரு கேஸ்கெட். வருடத்துக்கு ஒரு முறை எல்லா வேக்வம் ஹோஸையும் சிலிகானில் மாற்றிவிட்டால் தீர்ந்தது. பூஸ்டை மாற்ற ஆக்சுவேட்டரின் தண்டில் மரை இருக்கிறது. ஒரு சுற்று குறுக்கினால் ஏறக்குறைய ஒரு பிஎஸ்ஐ கூடும். ஒரு நேரத்தில் ஒரு சுற்று, பிறகு ஸ்கேன்மாஸ்டரைப் பார்க்க வேண்டும். மூன்று சுற்று முறுக்கிவிட்டுப் பார்க்கலாம் என்பது வேண்டாம்.

இனி பிரேக். பவர்மாஸ்டர் என்று பெயர். வழக்கமான வேக்வம் பூஸ்டருக்குப் பதிலாக ஒரு மின்மோட்டார் பம்ப், அழுத்தத்தைச் சேர்த்து வைக்கும் ஒரு உருண்டை, ஒரு பிரஷர் சுவிட்ச், எல்லாம் மாஸ்டர் சிலிண்டரோடு ஒரே உடம்பில். கெட்டால் பெடல் கல் மாதிரி ஆகிவிடும். பாறையை மிதிப்பது போல மிதித்தால்தான் கார் நிற்கும். வாங்கப் போகும்போதே சோதித்துவிடலாம். சாவியை அணைத்து பெடலைப் பத்துத் தடவை மிதித்து அழுத்தத்தை வடிக்க வேண்டும். சாவியைத் திருப்பினால் பம்ப் ஓடும். 20 விநாடிக்குள் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பம்ப்போ சுவிட்சோ போயிருக்கிறது. ஒவ்வொரு மிதிக்கும் உடனே பம்ப் ஓடினால் உருண்டைக்குள் இருக்கும் காற்று போய்விட்டது. யாருமே மிதிக்காமல் ஐந்து நிமிடத்துக்குள் தானாக ஓடினால் உள்ளே கசிவு. பிரேக் எண்ணெய் அளவையும் அழுத்தம் வடிந்த பிறகே பார்க்க வேண்டும். சேர்ந்திருக்கும்போது பார்த்தால் ஒரு பக்கம் குறைவாகத் தெரியும், நிரப்பினால் பிறகு வழிந்து பெயின்ட்டைத் தின்னும்.

பழுது பார்ப்பதா, மாற்றுவதா என்ற சண்டை இந்தக் காரைப் பற்றிய சண்டைகளிலேயே பழையது. கண்காட்சிக்கு வைக்கும் ஜிஎன்எக்ஸ் என்றால் பவர்மாஸ்டரை ரிப்பேர் செய்து வைத்திருக்க வேண்டும். கழற்றினால் விலை குறையும். சாலையில் ஓட்டும் கார் என்றால் சந்தேகமே வேண்டாம், மாற்றுங்கள். வேக்வம் பூஸ்டர் போட்டால் கட்டாயம் ஒரு செக் வால்வு (காற்றை ஒரு பக்கம் மட்டும் விடுவது) வேண்டும், இல்லாவிட்டால் பூஸ்ட் நேரத்தில் காற்று பூஸ்டருக்குள் ஏறும். ஸ்டியரிங் பம்ப்பின் அழுத்தத்தில் வேலை செய்யும் ஹைட்ரோபூஸ்ட் வேலை அதிகம், ஆனால் பெடல் அதில்தான் நன்றாக இருக்கும்.

எஞ்சின் ஓட்டத்தில் திடீர் மௌனம் இன்னொரு வழக்கமான தொல்லை. சூடானதும் நின்று, ஆறியதும் ஸ்டார்ட் ஆனால் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காயில் பேக்குக்கு அடியில் இருக்கும் இக்னிஷன் மாட்யூலைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கேம் சென்சார் (கேம் தண்டின் நிலையைக் கணினிக்குச் சொல்வது) போனால் குணம் வேறு: ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் ஓடும், அணைத்தால் மறுபடி எழாது. புதியதைப் போடும்போது ஒன்றாம் சிலிண்டரின் பிஸ்டன் மேல்நிலையைத் தாண்டி 25 டிகிரியில் வைத்து அமைக்க வேண்டும். கண்ணால் குத்துமதிப்பாகத் திருப்பி வைத்தால் எழாது.

டைமிங் செயினின் கேம் பல்சக்கரத்தில் நைலான் பற்கள். வயதானதும் அவை உடைந்து ஆயில் சம்ப்புக்குள் விழும், ஆயில் உறிஞ்சும் வலையை அடைக்கும். முன் கவரைத் திறக்கும் வாய்ப்பு வந்தால் எஃகு சக்கரத்தைப் போட்டுவிட வேண்டும், சம்ப்பையும் இறக்கி வலையைப் பார்க்க வேண்டும். ஆயில் பம்ப் அந்த அலுமினியக் கவருக்குள்ளேயே இருப்பதால், திறந்து மூடும்போது பற்களில் பெட்ரோலியம் ஜெல்லியை அடைத்துவிட வேண்டும். காய்ந்த பம்ப் ஆயிலை இழுக்காது. கேம் தட்டை டாப்பெட் வகை (உருளை இல்லாமல் நேராக உரசுவது), அதனால் துத்தநாகம் அதிகமுள்ள ஆயிலே ஊற்ற வேண்டும். டர்போவின் தாங்கிக்கு ஆயில்தான் குளிர்ச்சி, அடித்து ஓட்டிய பிறகு ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணைப்பது நல்லது.

200-4ஆர் என்ற தானியங்கி கியர்பாக்ஸ் சக்தியைத் தாங்கும், டிவி (த்ராட்டில் வால்வ்) கேபிளின் தளர்வைத் தாங்காது. த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று பெட்டிக்குச் சொல்வது அந்தக் கேபிள்தான். தளர்ந்திருந்தால் அழுத்தம் ஏறாது, கிளட்ச் நழுவி எரிந்துவிடும். எஞ்சினை அணைத்து, பூட்டை அழுத்தி ஸ்லைடரைக் கடைசிவரை பின்னே தள்ளி, பூட்டை விட்டு, த்ராட்டிலைக் கையால் முழுதாகத் திறந்தால் அது தானாக அளவுக்கு வந்து நிற்கும். அரை நிமிட வேலை, புதுப்பெட்டி வாங்குவதைத் தவிர்க்கும்.

ஜிஎன்எக்ஸ் பார்க்கிறவர்கள் டேஷில் இருக்கும் எண் தகட்டை மட்டும் நம்பக் கூடாது. தகடு, ஃபெண்டர் துளைகள், ஸ்டீவர்ட்-வார்னர் மீட்டர்கள் எல்லாம் பிறகும் மாட்டக்கூடியவை. காரைத் தூக்கி அடியில் பாருங்கள். ஆக்சிலின் மீது அலுமினிய டிஃபரன்ஷியல் கவர், அதிலிருந்து முன்னோக்கி ஓடும் நீண்ட டார்க் பார், குறுக்கே ஒரு பான்ஹார்ட் ராடு (ஆக்சிலைப் பக்கவாட்டில் அசையாமல் பிடிக்கும் கம்பி) இருக்க வேண்டும். வின் எனப்படும் காரின் அடையாள எண்ணின் எட்டாம் இடத்தில் 7, பத்தாம் இடத்தில் எச். இந்த இரண்டும் டர்போ எஞ்சினோடு வந்த 87 கார் என்பதை மட்டும்தான் சொல்லும். ஜிஎன்எக்ஸ் டர்போவின் செராமிக் சக்கரம் சீக்கிரம் சுழலும். ஆனால் கல் மாதிரி ஒரு துகள் பட்டாலும் நொறுங்கும். எக்ஸாஸ்ட் ஹெடரின் (எஞ்சினிலிருந்து புகையை எடுக்கும் குழாய்) வலதுபக்க வெல்டில் விரிசல் விழுவது பழக்கம், துண்டு கழன்றால் போகும் வழி அந்தச் சக்கரம்தான்.

முப்பது வருடம் மூடி வைத்திருந்த, 200 மைல் ஓடிய கார் என்று ஒன்று கிடைத்தால் மகிழ்ச்சிக்கு முன் பெட்ரோல் தொட்டியை இறக்குங்கள். உள்ளே பசை, ஒட்டிப்போன இன்ஜெக்டர்கள், காய்ந்த சீல்கள். தினமும் ஓடிய கார் இவ்வளவு செலவு வைக்காது. டயர் பார்க்கப் புதியதாக இருந்தாலும் அது 1987-ன் குட்இயர் ஈகிள் என்றால் அதைக் காட்சிக்கு வைத்துவிட்டு, ஓட்ட வேறு செட் போட வேண்டும்.

கடைசியாக, பம்பருக்கும் பாடிக்கும் இடையிலுள்ள பிளாஸ்டிக் துண்டுகள். வெயிலில் காய்ந்து பிஸ்கட் போல உதிரும். கண்ணாடி இழையில் மாற்று கிடைக்கிறது, ஆனால் எதுவும் நேராகப் பொருந்தாது. விளிம்பைத் தேய்த்துத் தேய்த்துத்தான் பொருத்த வேண்டும். பெயின்ட் அடிக்கும் முன் மாட்டிப் பார்த்துவிடுங்கள்.