பவர் புரொஃபைலர் கிட் 2: சும்மா கிடந்த எட்டு பின்களைக் கண்டுபிடித்தது இதுதான்

சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் அம்மா வளர்க்கும் கறிவேப்பிலைக்காக ஈரம் பார்க்கும் கருவி ஒன்று செய்தேன். ஏடிடைனி1614 என்ற குட்டி மைக்ரோகண்ட்ரோலர் சிப், சிஆர்2032 பட்டன் பேட்டரி, அவ்வளவுதான். மணிக்கு ஒருமுறை விழித்து மண்ணைப் பார்க்கும், காய்ந்திருந்தால் எல்இடியை மின்னவைக்கும், மறுபடி தூங்கிவிடும். இரண்டு வருடமாவது ஓடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். நான்கு மாதம்கூடத் தாங்கவில்லை.

பேட்டரி எங்கே போகிறது என்று அளக்க மல்டிமீட்டரை மைக்ரோஆம்பியரில் வைத்தால், சிப் விழிக்கும்போது மீட்டரிலேயே வோல்ட்டேஜ் இறங்கி சிப் ரீசெட் ஆகிவிடும். சரி என்று நூறு வெள்ளிக்கு மேல் கொடுத்து நோர்டிக் நிறுவனத்தின் பவர் புரொஃபைலர் கிட் 2 என்ற, மின்னோட்டத்தை அளக்கும் இந்தக் கருவியை வாங்கினேன். 0.8 முதல் 5 வோல்ட் வரை இதுவே மின்சாரம் கொடுக்கும். 200 நானோஆம்பியரிலிருந்து 1 ஆம்பியர் வரை ரேஞ்சைத் தானே மாற்றிக்கொண்டு, வினாடிக்கு ஒரு லட்சம் தடவை அளக்கும்.

3 வோல்ட் வைத்து இணைத்தேன். தூங்கும் சிப் ஒரு மைக்ரோஆம்பியர் அளவில் இருக்கவேண்டும். கணினியில் வரைபடமோ 60க்கும் 90க்கும் நடுவே ஆடிக்கொண்டிருந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் 20 மில்லிவினாடிக்கு ஒரு மேடு. நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ்! பலகையைத் தொடக்கூட இல்லை, விரலைப் பக்கத்தில் கொண்டுபோனாலே கோடு எழும்பியது.

அப்போதுதான் புரிந்தது. சிப்பில் பயன்படுத்தக்கூடிய 12 பின்களில் (கால்களில்) மூன்றுதான் என் வேலைக்கு, ஒன்று புரோகிராம் ஏற்ற. மிச்சம் எட்டையும் அப்படியே விட்டிருந்தேன். எங்கும் சேராத பின் சுற்றுப்புற இரைச்சலை வாங்கி நடு வோல்ட்டேஜில் தொங்கும். அந்நேரம் உள்ளே இருக்கும் இரண்டு டிரான்சிஸ்டர்களும் பாதி திறந்து, பேட்டரியிலிருந்து கிரவுண்டுக்கு மின்சாரம் சும்மா ஓடும். எட்டுக்கும் ‘இன்புட் டிசேபிள்’ (பின்னைப் படிக்கும் பகுதியை அணைக்கும் அமைப்பு) எழுதினேன். உள்புல்அப்பை, அதாவது பின்னைப் பேட்டரி வோல்ட்டேஜோடு சேர்க்கும் உள் மின்தடையைப் போட்டாலும் சரிதான். கோடு 0.9க்கு இறங்கிப் படுத்துவிட்டது. விரலை நீட்டினேன், அசையவில்லை. அந்தக் கோட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரை கிடையாது, கணினி வேண்டும். வெறும் பலகையாக வருவதால் சிம் லிம் டவரில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி வாங்கிப் போட்டேன். 200 நானோவுக்குக் கீழே காட்டும் எண்ணை நம்பவேண்டாம்.

பேட்டரியில் ஏதாவது செய்பவர் என்றால் தயங்காமல் வாங்குங்கள். விலை அதிகமாகத் தெரிந்தால் நாலு நண்பர்கள் சேர்ந்து ஒன்று வாங்கினாலும் போதும், ஒரு திட்டத்துக்கு ஒரு சாயங்காலம் கையில் இருந்தால் வேலை முடிந்துவிடும்.