ஐட்டம் மோட்: பல கை மாறியும் குலையாத மாளிகை

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், செவனோக்ஸ் நகருக்கு அருகே அகழி சூழ நிற்கும் ஐட்டம் மோட் மாளிகைக்குப் போகிறவர்கள், அதை யார் யார் வைத்திருந்தார்கள் என்பதை ஓரளவு தெரிந்துகொண்டு போனால் இரட்டிப்புப் பயன் பெறுவார்கள். ஏறத்தாழ 1320இல் கட்டத் தொடங்கிய இந்த வீட்டை வாங்கியவர் எவரும் முழுவதுமாக இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டவில்லை. அதனால் ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குள் நுழையும்போது நூற்றாண்டும் உரிமையாளரும் சேர்ந்தே மாறுகிறார்கள்.

1521இல் இதை வாங்கிய ரிச்சர்ட் கிளெமென்ட், மன்னர் எட்டாம் ஹென்றியின் அரசவையைச் சேர்ந்தவர். தேவாலய அறையின் வளைந்த மரக்கூரையில் ஹென்றியின் டியூடர் வம்சச் சின்னமான ரோஜாவும், அவருடைய முதல் மனைவி அரசி கேத்தரினைக் குறிக்கும் மாதுளையும் மங்கிய வண்ணத்தில் இன்றும் தெரிகின்றன. அரச விசுவாசத்தைத் தலைக்கு மேலேயே எழுதி வைத்த அந்தக் கூரைக்காக மட்டுமே இங்கு வரலாம். 1591 முதல் ஏறக்குறைய 300 ஆண்டுகள் இருந்த செல்பி குடும்பத்தின் முத்திரை, வரவேற்பறையின் செதுக்குக் கணப்பில் இருக்கிறது. அதே அறையில் கையால் தீட்டிய சீனச் சுவர்த்தாளில் பறவைகளையும் பூக்களையும் அருகில் நின்று பார்க்க வேண்டும்.

1889இல் வாங்கிய தாமஸ் காலியர் ஃபெர்குசன் வீட்டைப் பழுதுபார்த்ததோடு, முற்றத்தில் டைடோ என்ற செயின்ட் பெர்னார்ட் நாய்க்கு ஒரு வீடும் கட்டினார். அந்த நாய் வீடு இன்று முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. அவருடைய மகன் ஒருவர் 1917இல் போர்முனையில் இறந்து, பிரிட்டனின் மிக உயர்ந்த போர்வீர விருதான விக்டோரியா சிலுவையைப் பெற்றவர்.

என்னை மிகவும் நெகிழவைத்தது அதற்குப் பிந்தைய கட்டம்தான். 1951இல் ஃபெர்குசன் இறந்தபின் வீடு விற்பனைக்கு வர, இடித்துக் கூரை ஈயத்தை விற்றுவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. உள்ளூர்க்காரர் மூவர் சேர்ந்து வாங்கிக் காப்பாற்றினார்கள். அவர்களிடமிருந்து 1953இல் வாங்கியவர், அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தைச் சேர்ந்த சார்லஸ் ஹென்றி ராபின்சன். வரிச் சட்டங்களால் ஆண்டுக்குச் சில வாரங்களே தங்க முடிந்த வீட்டுக்கு அவர் அவசரப் பழுதுகளைப் பார்த்து, பழைய ஆங்கில மரச்சாமான்களைத் தேடி வாங்கி நிரப்பினார். 1965இல் அதை, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்டுக்குத் தருவதாக அறிவித்தார். 1985இல் இறந்த அவருடைய அஸ்தியும் இங்கேயே இருக்கிறது. அவர் காலத்தில் இருந்தபடியே வைத்திருக்கும் நூலக அறையில் அவசரப்படாமல் நில்லுங்கள்.

டிரஸ்ட் 1989 முதல் 2004 வரை, 1 கோடி பவுண்டுக்கு மேல் செலவிட்டு, வீட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்துச் செப்பனிட்டது. அந்த வேலையின் நேர்மைக்கு நான் முழு மதிப்பெண் தருவேன்: ஒரே ஒரு காலத்து வீடாகக் காட்டுவதற்காகப் பிற்காலச் சேர்க்கைகளை நீக்கிவிடாமல், எல்லா உரிமையாளர்களின் தடங்களையும் விட்டுவைத்திருக்கிறார்கள். கிராமத்துச் சாலைகள் குறுகலானவை. பழைய படிகளில் ஏறத் தயங்குபவர்கள் தரைத்தளத்து அறைகளுக்கும் முற்றத்துக்கும் கூடுதல் நேரம் ஒதுக்கிக்கொள்ளலாம்.