650 ரூபாய் இஞ்சி லேகியமும் என் தங்கையின் இரண்டு நாள் டிரிப்ஸும்

வீட்டில் யாராவது மசக்கையில் இருந்தால் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். போன மாதம் என் தங்கைக்கு நடந்தது இது.

அவளுக்கு அப்போது ஒன்பதாவது வாரம். பிரஷ்ஷை வாயில் வைத்தாலே குமட்டும், தாளிக்கிற வாசனை ஆகாது. டாக்டர் டாக்சிலமைனும் பி6 வைட்டமினும் சேர்ந்த மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். ராத்திரி அதைப் போட்டுக்கொண்டால் காலையில் இரண்டு இட்லியாவது வயிற்றில் தங்கும். ஆனால் "பிள்ளைத்தாச்சி இங்கிலீஷ் மருந்து சாப்பிடலாமா?" என்று சொந்தக்காரர்கள் மாற்றி மாற்றிக் கேட்டதில் அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மதுரையில் ஒரு நாட்டு மருந்துக் கடைக்கு அவளைக் கூட்டிப்போனது நான்தான். அதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

கடைக்காரர் கால் கிலோ டப்பா ஒன்றை எடுத்து வைத்தார். "மலை இஞ்சியை அரைச்சு தேன்ல கிண்டினது, வேற ஒண்ணும் கிடையாது. மூணே நாள்ல வாந்தி நிக்கும். அந்த மாத்திரையை இன்னைக்கே நிறுத்திடுங்கம்மா" என்றார். விலை 650 ரூபாய். இரண்டாம் நாள் வாந்தி கூடிவிட்டதென்று போன் செய்தேன். "பித்தம் வெளிய வருது, நல்லதுதான். ஒரு ஸ்பூனை மூணு ஸ்பூனாக்குங்க" என்றார். நாங்களும் ஆக்கினோம்.

நான்காம் நாள் பச்சைத் தண்ணீர் கூடத் தங்கவில்லை. உதடு வெடித்து, நாக்கு ஒட்டிக்கொண்டது. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே தடவைதான் சிறுநீர் போனாள், அதுவும் டிகாக்‌ஷன் நிறத்தில். கட்டிலிலிருந்து எழுந்தவள் கதவைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது சிறுநீரில் கீட்டோன் இருந்தது. சாப்பாடு சேராததால் உடம்பு தன் கொழுப்பையே எரிக்கத் தொடங்கிவிட்டது என்றார்கள். எடை மூன்று கிலோ இறங்கியிருந்தது. இரண்டு நாள் டிரிப்ஸ் ஏற்றினார்கள்.

டாக்டர் இஞ்சியைக் குறை சொல்லவில்லை. மசக்கைக் குமட்டலுக்கு இஞ்சி ஓரளவு கேட்கும் என்று ஆய்வுகளிலேயே பார்த்திருக்கிறார்களாம். பெரும்பாலும் நாளைக்கு 1 கிராம் அளவு சுக்குப் பொடி, அதையும் மூன்று நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். குமட்டல் குறைகிறது, ஆனால் வாந்தி எடுக்கிற தடவை அவ்வளவாகக் குறைவதில்லை. அப்படியிருக்க "மூணே நாள்ல நிக்கும்" என்று எந்த தைரியத்தில் சொன்னார்? நெஞ்செரிச்சல் இருப்பவர்களுக்கு இஞ்சி எரிச்சலைக் கூட்டவும் செய்யும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் இஞ்சி மருந்து எதையும் தொடவே வேண்டாம் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அந்த லேகியத்தில் ஒரு ஸ்பூன் எடுத்து, கண்ணாடி டம்ளரில் வெந்நீர் விட்டுக் கரைத்தேன். அரைத்த இஞ்சி என்றால் நார் தெரிய வேண்டும். ஒரு நார்கூட இல்லை. எல்லாம் வெல்லப்பாகாகக் கரைந்துபோய், அடியில் சிவப்புத் துணுக்குகள் தங்கின. நடுவே தட்டையாக, மஞ்சளாக இரண்டு மிளகாய் விதை. வாந்தியில் புண்ணாகிக் கிடந்த தொண்டைக்கு இதைத்தான் நாளைக்கு மூன்று ஸ்பூன் கொடுத்திருக்கிறோம்.

அப்புறம்தான் லேபிளைப் பார்த்தேன். சித்த மருந்து என்றால் தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி எல்லாம் அச்சடித்திருக்க வேண்டும். எதுவும் இல்லை. உணவுப் பொருளுக்கான உரிம எண் என்று ஒன்று இருந்தது. அது 14 இலக்கம் இருக்க வேண்டும், எண்ணினால் 12 தான். உணவு உரிமத்தில் விற்கிற பொருளை நோய் தீர்க்கும் மருந்து என்று சொல்லவும் கூடாது. இரண்டு நிமிடத்தில் கடையிலேயே பார்த்திருக்கலாம்.

இஞ்சி வேண்டுமென்றால் முழு இஞ்சியாக, முழுச் சுக்காக வாங்குங்கள். சுக்கு வெள்ளை வெளேரென்று இருந்தால் சுண்ணாம்பில் புரட்டியதாக இருக்கும். மங்கலான பழுப்பு நிறத்தில் இருப்பதைக் கேட்டு வாங்கி, தோலைச் சீவிவிட்டு இடியுங்கள். சுக்குக்குப் புறத்தில் நஞ்சு என்று அம்மா இன்றைக்கும் தோல் ஒட்டிய சுக்கை அடுப்படியில் சேர்க்க மாட்டார். மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவர் எழுதிக் கொடுத்த டாக்டராக மட்டும் இருக்கட்டும். குடித்த தண்ணீர் தங்கவில்லை, சிறுநீர் குறைந்து நிறம் மாறுகிறது, எழுந்தால் தலை சுற்றுகிறது என்றால் கஷாயம் வைத்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

தங்கை இப்போது தேறிவிட்டாள். மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்திருக்கிறாள். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, பஸ்ஸில் போகும்போது மட்டும் மெல்லிய இஞ்சி வில்லை ஒன்றில் உப்புத் தொட்டு வாயில் அடக்கிக்கொள்கிறாள்.

கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தரவில்லை. "உங்க தங்கச்சி உடம்புவாகு அப்படி" என்றார். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்திலும் பில்லின் நகலோடு எழுதிக் கொடுத்தாயிற்று. கடையிலிருந்து மாதிரி எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். மிச்ச லேகியத்தை டப்பாவோடு பத்திரமாக வைத்திருக்கிறேன்.