22 அங்குலம் 17½ ஆன கதை: என் .308, மூன்று சீசன் கழித்து

போன வாரம் நண்பன் போன் போட்டான். "மச்சி, என் 7 எம்எம் ரெமிங்டன் மேக்னம் துப்பாக்கிக் குழலையும் உன்னோடது மாதிரி 18 அங்குலத்துக்கு வெட்டிடலாமா?" வேண்டாம்டா என்று சொல்லி வைத்துவிட்டேன். ஏன் என்று கேட்டு மூன்று மெசேஜ் வந்துவிட்டது. அவனுக்காகத்தான் இது.

என்னுடையது சாதாரண .308 வின்செஸ்டர் வேட்டைத் துப்பாக்கி, போல்ட் ஆக்‌ஷன். கடையிலிருந்து வந்தபோது பேரல், அதாவது குழல், 22 அங்குலம். வேலை: நியூசிலாந்து வட தீவில், கவேக்கா மலைக்காட்டில் சீக்கா மான். மானுகா புதருக்குள் பாதி நேரம் 40 மீட்டருக்கு மேல் கண்ணுக்கே எதுவும் தெரியாது. வெடிச் சத்தத்தைக் குறைக்கக் குழல் முனையில் மாட்டும் சப்ரசருக்கு இங்கே தடை இல்லை, காது பிழைக்க வேண்டுமே என்று பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்வார்கள். நானும் 8 அங்குலத்தில் ஒன்று மாட்டினேன். இருபத்திரண்டும் எட்டும் முப்பது. அதன் பிறகு நான் காட்டுக்குள் தூக்கித் திரிந்தது ஒட்டடைக் குச்சி.

ஒரு ஏப்ரல் காலையில் முப்பது அடி தள்ளி ஒரு கிடா மான், பக்கவாட்டில், அசையாமல் நின்றது. மெதுவாகத் தோளுக்கு ஏற்றினேன். சப்ரசர் முனை ஒரு காய்ந்த மானுகா கிளையில் 'டக்'கென்று பட்டது. விசில் அடித்த மாதிரி ஒரு சத்தம், வெள்ளைப் பின்புறம், அவ்வளவுதான். வெட்டுவது என்று அன்றைக்கு முடிவெடுத்தேன்.

குழல் நீளமாக இருந்தால்தான் குறி தப்பாது என்று ஊரில் கேட்டு வளர்ந்தவன் நான். முன்குறியையும் பின்குறியையும் கண்ணால் சேர்த்துச் சுட்ட காலத்தில் அதில் நியாயம் இருந்தது, இரண்டுக்கும் இடையே தூரம் கூடினால் பிழை குறையும். ஸ்கோப் வந்த பிறகு அந்தக் கணக்கு செல்லாது. ஒரே தடிமனில் குட்டைக் குழல் இன்னும் விறைப்பாகத்தான் நிற்கும். போவது வேகம் மட்டும். .308-க்குள் இருப்பது சுமார் 45 கிரெய்ன் (3 கிராம்) வெடிமருந்து, அது தன் வேலையில் பெரும்பகுதியை முதல் 18 அங்குலத்துக்குள் முடித்துவிடும். அதற்கு மேல் ஒவ்வொரு அங்குலமும் தருவது விநாடிக்கு 20, 25 அடி. 150 கிரெய்ன் குண்டு வேகம் அளக்கும் என் குரோனோகிராஃபில் முன்பு 2,790 அடி காட்டியது, 18-க்கு வெட்டியதும் 2,690. 200 மீட்டர் போனாலும் 2,200-க்குக் குறையாது. சாதாரண வேட்டைக் குண்டு விரிய 1,800 இருந்தால் போதும். அந்த நூறு அடி வித்தியாசம் மானுக்குத் தெரியப்போவதில்லை.

வயிற்றெரிச்சல் வேறு இடத்தில். வெட்டிக் கொடுத்த பட்டறை கிரவுனைக் கோட்டைவிட்டது. குண்டு கடைசியாக விட்டுப் போகும் விளிம்பு அது. ஒரு பக்கம் தேய்ந்தோ பிசிறாகவோ இருந்தால் வாயு அந்தப் பக்கம் முதலில் பீறிட்டுக் குண்டின் அடியைத் தள்ளிவிடும். 100 மீட்டரில் முன்பு ஒரு அங்குலத்துக்குள் விழுந்த மூன்று குண்டும் மூன்றரை அங்குலத்துக்குச் சிதறின. ஸ்கோப் மவுன்ட்டைக் குறை சொன்னேன், தோட்டாவை மாற்றினேன், இரண்டு பெட்டி காலி. பட்டறையில், "ட்ரிகர் இழுக்கும்போது நீங்கதான் உதறுறீங்க" என்றார்கள். வீட்டில் போல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு, காது குடையும் பஞ்சுக் குச்சியை அந்த விளிம்பில் உள்ளிருந்து வெளியே இழுத்துப் பார்த்தேன். எல்லா இடத்திலும் வழுக்கிக்கொண்டு வந்தது, ஏழு மணி திசையில் மட்டும் பஞ்சு சிக்கி நின்றது. யார் உதறியது?

இன்னொருவர் அரை அங்குலம் சீவி, 11 டிகிரியில் புதுக் கிரவுன் போட்டுக் கொடுத்தார். பழைய குறி திரும்பி வந்தது. அந்த அரை அங்குலத்தால் ஒரு நஷ்டமும் இல்லை, ஆனாலும் அதை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

பிறகு, பேரல்மீது பின்னோக்கி உட்காரும் வகைச் சப்ரசர் வாங்கினேன். முனைக்கு முன்னால் நீட்டுவது நாலரை அங்குலம். பதினேழரையும் நாலரையும் கூட்டிப் பாருங்கள், 22. இத்தனை காசைக் கொட்டி, புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கிறேன். ஆனால் புதருக்குள் ஒரு கையால் திருப்ப முடிகிறது, வண்டியில் குறுக்கே கிடத்த முடிகிறது, காதும் பத்திரம். ஒரு முறை சுடும் மைதானத்தில் சப்ரசர் இல்லாமல் சுட்டேன், காதை மூடும் மஃப் போட்டிருந்தும் பக்கத்து மேசைக்காரர் எழுந்து தள்ளிப்போனார். குட்டைக் குழலில் வாயு அதிக அழுத்தத்தோடு வெளியேறும். அந்த அடியைச் சப்ரசரின் முதல் தடுப்புத் தகடுதான் வாங்குகிறது, என்னுடையதில் துளை ஓரம் அரிக்கத் தொடங்கிவிட்டது. எந்தக் காலிபருக்கு (குழல் துளை அளவுக்கு) குறைந்தது எவ்வளவு பேரல் வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் எழுதியிருப்பார்கள், வெட்டும் முன் படியுங்கள். சட்டமும் நினைவிருக்கட்டும்: இங்கே மொத்த நீளம் 762 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் அது கைத்துப்பாக்கிக் கணக்கு.

இப்போது உன் மேக்னத்துக்கு வருகிறேன்டா. அதில் எரிவது 60 கிரெய்னுக்கு மேல், மெதுவாக எரியும் மருந்து. அதற்கு 24, 26 அங்குலம் வேண்டும். 18-க்கு வெட்டினால் விநாடிக்கு 200 அடிக்கு மேல் போகும், அந்தி நேரத்தில் முனையில் தீப்பந்தம் தெரியும், உதை மட்டும் அப்படியே இருக்கும். மேக்னம் தோட்டாவுக்குக் காசு கொடுத்து அதைவிடச் சிறிய தோட்டாவான 7எம்எம்-08-இன் வேலையை வாங்குவதற்கு 7எம்எம்-08-ஐயே வாங்கிவிடு. தென் தீவு மலையில் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் நிற்கும் தார் ஆட்டைச் சுடத்தானே அதை வாங்கினாய்? அதன் நீளத்தில் கைவைக்காதே. முயலுக்கு வைத்திருக்கும் .22-ஐ வேண்டுமானால் 16-க்கு வெட்டு, அந்தத் துளி மருந்து அதற்குள் எரிந்து முடிந்துவிடும்.

காட்டுக்கென்று புதிதாக வாங்குகிறவர்கள், சப்ரசர் மாட்ட முனையில் மரை போட்ட 20 அங்குல .308-ஐக் கடையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். என்னைப் போல வெட்டிக்கொண்டு அலையாதீர்கள். இரண்டு பட்டறை பில்லையும் சேர்த்தால் தண்டம்தான்.

"அவ்வளவு தண்டம்னா அதை எனக்கு வித்துடேன்" என்றான் நண்பன். ஏப்ரல் வேட்டை வருகிறது. தர முடியாது என்று சொல்லிவிட்டேன்.