பருந்து எண்ணப் போகிறவருக்கு 8×42 பைனாகுலர் சரிவருமா? மூன்று பருவம் கழித்து

மூன்று வலசைப் பருவமாக ஒரே பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு குன்றேறுகிறேன். 8×42, அதாவது எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும், முன்பக்க லென்ஸின் விட்டம் 42 மில்லிமீட்டர். கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை, ஏனென்று கடைசியில் புரியும்.

பூங்காவில் குருவி பார்ப்பவருக்கு வேண்டியது வேறு, எனக்கு வேண்டியது வேறு. நாங்கள் ஆறேழு பேர் சேர்ந்து, கடந்துபோகும் பருந்து, கழுகு, வல்லூறுகளை இனவாரியாக எண்ணிப் பதிகிறோம். பறவை எப்போதும் தலைக்கு மேலே, வெளிச்சத்துக்கு எதிரே இருக்கும். வெள்ளை மேகத்தின் மேல் ஒரு கறுப்புப் புள்ளி, அவ்வளவுதான். மலிவான லென்ஸில் அந்தக் கறுப்பைச் சுற்றி ஊதா நிறப் பிசிறு ஒட்டிக்கொள்ளும், இறக்கையின் அடிநிறம் அதிலேயே கரைந்துபோகும். இதில் நடுப்பகுதி சுத்தம். ஓரத்துக்குப் போனால் பிசிறு எட்டிப் பார்க்கிறது. பறவையை நடுவிலேயே வைத்துக்கொள்ளப் பழகிவிட்டேன்.

முதல் பருவத்தில் ஒரு நாள், "கரும்பருந்து ஒண்ணு" என்று குரல் கொடுத்தேன். எழுதிக்கொண்டிருந்த கல்லூரிப் பெண் பேனாவை நிறுத்திவிட்டு, "இல்லண்ணா, வாலைப் பாருங்க. வட்டமா இருக்கு" என்றாள். மறுபடி பார்த்தேன். கரும்பருந்தின் வால் நடுவில் பிளந்திருக்கும். இதற்கு விசிறி மாதிரி வட்டம், இறக்கை நுனிக்குக் கொஞ்சம் உள்ளே வெளிறிய திட்டு. செம்பருந்தின் இளம்பறவை! பெரிதான பிறகுதான் அதற்கு வெள்ளைத் தலையும் செம்பழுப்பு உடலும் வரும். அந்த வால் விளிம்பு தெரிந்ததே, அதற்காகவே இந்த லென்ஸுக்கு முழு மதிப்பெண்.

இளசா முதிர்ந்ததா என்பதில் இவ்வளவு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஹாக் மவுன்டன் என்றொரு மலைமுகடு. வேடிக்கைக்காகப் பருந்துகளைச் சுட்டுக் குவித்துக்கொண்டிருந்த அந்த இடத்தை 1934-இல் ரோசலி எட்ஜ் என்ற பெண்மணி குத்தகைக்கு எடுத்துச் சரணாலயமாக்கினார். காவலுக்கு வந்த மாரிஸ் புரூன் கடந்துபோன பறவைகளை எண்ணத் தொடங்கினார். 1935–39-இல் அவர் பார்த்த வெண்தலைக் கழுகுகளில் 40 சதவீதம் இளம்பறவைகள். 1955–59-இல் அது 20 சதவீதம். கழுகுகள் வந்துகொண்டுதான் இருந்தன, குஞ்சுகள்தான் குறைந்துபோயின. டிடிடி என்ற பூச்சிக்கொல்லிக்கு எதிராக 1962-இல் ரேச்சல் கார்சன் என்ற எழுத்தாளர் எடுத்துவைத்த சான்றுகளில் இந்தக் கணக்கும் ஒன்று. மொத்த எண்ணிக்கையை மட்டும் எழுதியிருந்தால் இது பிடிபட்டிருக்காது.

10× வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். முக்காலி இல்லாமல் நாள் முழுக்க வானத்தைத் தடவுவதென்றால் வேண்டாம். கை நடுக்கமும் பத்து மடங்காகும், பார்வைப் பரப்பும் சுருங்கும். இன்னொன்று: 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25 மில்லிமீட்டர், கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் அகலம். 10×42-இல் அது 4.2தான். பூனைப்பருந்துகள் புல்வெளியில் அடைய வரும் அந்தி நேரத்தில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். கண்ணாடி போட்டவர்கள் கண் வைக்கும் பக்கத்து வளையத்தைத் திருகி இறக்கிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கூடவே வரும் கழுத்துப்பட்டை வீண், தோள்பட்டை வார் தனியாக வாங்கிக்கொண்டேன்.

இப்போது குறை. "நீர் புகாது" என்று பெட்டியிலேயே அச்சடித்திருந்தார்கள். இரண்டாம் பருவத்தில் ஒரு மழைக்குப் பிறகு உள்ளே ஆவி படிந்தது. சர்வீசுக்கு அனுப்பினால், நான்தான் தண்ணீரில் போட்டிருப்பேன் என்றார்கள். திரும்பி வர ஏழு வாரம். ஃபோகஸ் சக்கரம் அதற்குப் பின் கொஞ்சம் இறுக்கம்.

அந்த ஏழு வாரமும் நண்பரின் பழைய 10×25-ஐ வைத்து ஒப்பேற்றினேன். பதிவேட்டைப் புரட்டினால் எந்த வாரங்கள் என்று தேதி பார்க்கவே வேண்டாம். "இனம் தெரியவில்லை" என்ற கட்டம் அங்கே மட்டும் நிரம்பி வழிகிறது.