சிறந்த தளபதி யார்: ரோம்மெலா, மான்ஸ்டைனா?

இரண்டாம் உலகப் போரின் ஜெர்மானியத் தளபதிகளில் உலகம் முழுதும் பேர் பெற்றவர் எர்வின் ரோம்மெல். பிரிட்டிஷாரிடமிருந்து கைப்பற்றிய தூசிக் கண்ணாடியைத் தொப்பியில் மாட்டிக்கொண்டு, முன்வரிசைக்கே போய் உத்தரவிடுவார். வட ஆப்பிரிக்கப் போரில், 1942 ஜூனில் லிபியாவின் டோப்ரூக் துறைமுகத்தைப் பிடித்ததும் ஃபீல்டு மார்ஷல் பதவி கிடைத்தது. ஆனால் அந்த வேகமே அவருக்கு வினையானது. எகிப்தின் எல் அலமெய்னை எட்டியபோது, சரக்கு வந்திறங்கும் டிரிப்போலித் துறைமுகம் 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால் கிடந்தது; வந்து சேர வேண்டிய பெட்ரோலைக் கொண்டுவரும் லாரிகளே குடித்துத் தீர்த்தன.

எரிக் ஃபான் மான்ஸ்டைன் வேறு ரகம். வரைபடத்தின் முன் உட்கார்ந்து போரை யோசிப்பவர். 1940இல் ஆர்டென் காடுகள் வழியாகப் பிரான்ஸுக்குள் பாயும் திட்டத்துக்கு மூலம் அவருடைய யோசனைதான். சோவியத் நகரான ஸ்டாலின்கிராடில் சிக்கிய ஜெர்மானியப் படையை மீட்க முடியவில்லை. ஆனாலும் 1943 மார்ச்சில், பின்வாங்கலையே பொறியாக்கி உக்ரைனின் கார்கோவ் நகரைத் திரும்பப் பிடித்தார். போர்த்திறனை மட்டும் எடைபோட்டால் என் ஓட்டு இவருக்கே.

ஆனால் அதை மட்டும் எடைபோட முடியாது. யூதர்களுக்கு எதிரான வெறுப்பைக் கக்கும் உத்தரவு ஒன்றில் 1941 நவம்பரில் மான்ஸ்டைன் கையெழுத்திட்டார். 1949இல் போர்க்குற்றங்களுக்காக 18 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றவர், 1953இலேயே விடுதலையாகிவிட்டார். ரோம்மெலும் ஹிட்லரின் செல்லப்பிள்ளையாக வளர்ந்தவர்தான். 'கண்ணியமான எதிரி' என்ற பிம்பத்தில் பிரசாரத்துக்குப் பெரும் பங்குண்டு. ஹிட்லரைக் கொல்ல நடந்த சதியில் தொடர்பு உண்டென்ற சந்தேகத்தில், 1944 அக்டோபரில் அவரை நஞ்சு அருந்த வைத்தார்கள். பிறகு அரசு மரியாதையுடன் இறுதிச்சடங்கும் நடத்தினார்கள்.